பிள்ளைய கூட்டியாந்தாச்சு, அட்வான்ஸ யார் அடைக்கிறது? – அக்கா பதில்கள்

ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு தினம் வருது, அத பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு போன இதழ்ல ஓரமா ஒரு வரி தான் போட்டிருந்தோம். வந்த லெட்டரும் வாட்ஸ்அப்பும் ஒரு மஞ்சப்பை நிறைய இருக்கு. எல்லாத்துக்கும் பதில் எழுத எடம் பத்தாது, ஒரே மாதிரி கேள்விய ஒண்ணா சேர்த்துட்டேன். பேர் போட வேண்டாம்னு பாதிப்பேர் கேட்டதால யார் பேரும் போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன். புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, நான் உசிலம்பட்டி பக்கம் ஒரு சின்ன டிரஸ்ட்டுல, வேலைக்குப் போயிட்டு திரும்பி வந்த பிள்ளைங்களுக்கு பதினேழு வருஷம் பாடம் எடுத்தவ. அந்த அனுபவத்துல இருந்து தான் சொல்றேன், வக்கீல் இல்ல.

திருமங்கலத்தில் இருந்து ஒரு வாசகி: அக்கா, பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெண்டு பசங்க கழுத்துல ஐடி கார்டு மாட்டிக்கிட்டு நிப்பாட்டி, ஏழை நாடுகள்ல குழந்தைங்கள சுரண்டுறத ஒழிக்கிற தொண்டு நிறுவனம்னு ஃபைல் காட்டுனாங்க. மாசம் 800 ரூபா அக்கவுண்டுல இருந்து தானா எடுத்துக்குவாங்களாம், ஒரு பிள்ளை போட்டோ அனுப்பி வைப்பாங்களாம். கையெழுத்து போடப் போனேன், எங்க வீட்டுக்காரர் கைய பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டார். குடுக்கலாமா, வேணாமா?

பதில்: உங்க வீட்டுக்காரர் செஞ்சதுல பாதி சரி. ரோட்டுல நின்னுக்கிட்டு எந்த பேப்பர்லயும் கையெழுத்து போடக்கூடாது, அது நல்ல நிறுவனமா இருந்தாலும் சரி. அந்தப் பசங்க பெரும்பாலும் சம்பளத்துக்கு ஆள் பிடிக்கிற வேலை பாக்குறவங்க, அவங்கள திட்டி பிரயோஜனம் இல்ல, நோட்டீஸ மட்டும் வாங்கிட்டு வீட்டுக்கு வந்துருங்க.

வீட்டுக்கு வந்து பாக்க வேண்டியது இது தான். அந்த நிறுவனம் தொண்டு நிறுவனங்க பதிவு பண்ற நிதி ஆயோக்கோட தர்பன் தளத்துல இருக்கா, 80ஜி, அதாவது குடுக்குறவங்களுக்கு வருமான வரிச் சலுகை தர்ற அனுமதி இருக்கா, வருஷக் கணக்கு வெளியிடுறாங்களா. பணத்த ரொக்கமா குடுக்காதீங்க, 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா 80ஜி சலுகையே கிடையாது, புது வரி முறைக்கு மாறியிருந்தீங்கன்னா எப்படிக் குடுத்தாலும் கிடையாது. நன்கொடைக்கு 10பிஇங்கிற வரிச் சலுகைச் சான்றிதழ் கேளுங்க, அதக் குடுக்க இழுத்தடிச்சா வேற இடம் பாருங்க.

அந்த போட்டோ விஷயம் பத்தி நெறைய பேர் கேட்டிருக்கீங்க. நீங்க குடுக்குற 800 ரூபா அந்த போட்டோவுல இருக்க பிள்ளை கைக்கு நேராப் போகும்னு நினைக்காதீங்க. இந்த மாதிரி திட்டங்கள்ல பெரும்பாலும் எல்லார் பணத்தையும் ஒண்ணாப் போட்டு அந்த ஊருக்கு ஸ்கூல், தண்ணி, அம்மாமார் குழுன்னு செலவு பண்ணுவாங்க, நோட்டீஸ்ல சின்ன எழுத்துல அதுவே போட்டிருக்கும். எனக்கு அது தப்பாத் தெரியல. தெருவுல ஒரு பிள்ளைக்கு மட்டும் பை, செருப்பு, நோட்டு வந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வராட்டி என்ன ஆகும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா போட்டோவ காட்டி காசு வாங்குறது எனக்குப் பிடிக்காது. அழுக்குச் சட்டையோட, மூக்கு ஒழுக, கண்ணுல தண்ணியோட ஒரு பிள்ளைய படம் பிடிச்சு உலகம் பூரா அனுப்புறாங்களே, நாளைக்கு அது வளந்து வந்து அந்தப் படத்தப் பார்த்தா எப்படி இருக்கும்?

வேலை பெருசு தான். ஐ.நா.வோட தொழிலாளர் அமைப்பு ஐஎல்ஓவும் குழந்தைங்க அமைப்பு யுனிசெஃபும் போட்ட 2024 கணக்குப்படி உலகத்துல கிட்டத்தட்ட 13.8 கோடி பிள்ளைங்க குழந்தைத் தொழிலாளருங்க, அதுல 5.4 கோடி பேர் ஆபத்தான வேலையில. 2000ல 24.6 கோடி இருந்துச்சு, அப்ப இருந்து பாத்தா கொறஞ்சிருக்கு. பாதிக்கு மேல ஆப்பிரிக்காவுல சஹாராவுக்கு தெக்க இருக்க நாடுகள்ல. நம்ம மனசுல குழந்தைத் தொழிலாளின்னா ஃபேக்டரி தான் வரும், ஆனா நூத்துக்கு 61 பேர் விவசாயத்துல தான் இருக்காங்க, காட்டுல களை எடுக்குறது, ஆடு மாடு மேய்க்கிறது, பருத்தி எடுக்குறது. அங்க போட்டோ எடுக்க யாரும் போறதில்ல. நம்ம நாட்டுல 2011 சென்சஸ்ல 5ல இருந்து 14 வயசு வரைக்கும் வேலை பாக்குற பிள்ளைங்க 1.01 கோடி, அதுக்கப்புறம் சென்சஸ் எடுக்காததால நாடு முழுசுக்கும் நம்ம கையில இருக்க பெரிய கணக்கு அதுவே தான்.

குடுக்குறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா அந்த ஆபீசுக்கு ஒரு போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "மீட்டு கூட்டிட்டு வந்த பிள்ளை ரெண்டு வருஷம் கழிச்சு எங்க இருக்கு?" அதுக்கு பதில் வச்சிருக்கவங்களுக்குக் குடுங்க. எத்தன பேர மீட்டோம்னு மட்டும் சொல்றவங்களுக்கு நான் குடுக்க மாட்டேன். ஏன்னு அடுத்த கேள்வியில சொல்றேன்.

எழுமலை பக்கத்தில் இருந்து, "அத்தை" என்று மட்டும் கையெழுத்து: அண்ணன் மகனுக்கு 13 வயசு. ஏழாப்பு பாதியில நின்னுட்டான். வடக்க முறுக்கு கம்பெனி வச்சிருக்க நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் 40,000 அட்வான்ஸ் குடுத்து கூட்டிட்டுப் போயிட்டார். எட்டு மாசம் ஆச்சு. போன்ல பேசினா பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரியே பேசுறான். கூப்பிட்டுக்கலாம்னா, அட்வான்ஸ அடைக்காம எப்படிக் கூப்பிடுறது, நம்ம சாதி சனத்துல மூஞ்சில முழிக்க வேணாமாங்கிறார் அண்ணன். என்ன பண்ண?

பதில்: அத்தைக்கு கும்பிடு. இந்த லெட்டர நான் நாலு தடவ படிச்சேன், ஏன்னா இதே லெட்டர வேற வேற கையெழுத்துல பதினேழு வருஷம் பாத்திருக்கேன். வெளியூர்க்காரங்களுக்கு முறுக்கு கம்பெனின்னா ஏதோ சின்னதாத் தோணும். உசிலம்பட்டி, தேனி பக்கத்து ஆளுங்க மகாராஷ்டிரா, குஜராத், ஆந்திரான்னு போயி முறுக்கு, சேவு போட்டு விக்கிற தொழில் பல காலமா இருக்கு, கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவங்களும் உண்டு, அவங்கள நான் குத்தம் சொல்லல. ஆனா மாவு பிசைய, அடுப்புல நிக்க, பாக்கெட் போட, வண்டியில வச்சு தெருத்தெருவா விக்க இங்க இருந்து பிள்ளைங்கள அட்வான்ஸ் குடுத்து கூட்டிட்டுப் போறது தான் வினையே. என்கிட்ட படிச்ச ஒரு பய, முழங்கைக்கு கீழ பூரா எண்ணெய் தெறிச்ச தழும்பு, எழுதச் சொன்னா சட்டைக் கைய இழுத்து இழுத்து மறைப்பான். விடியக்காலம் மூணு மணிக்கு எழுப்பி விடுவாங்களாம், அதனால வகுப்புல பத்து மணிக்கு எல்லாம் தூங்கிருவான், நான் எழுப்பவே மாட்டேன்.

இப்ப உங்க விஷயம். 14 வயசுக்கு கீழ இருக்க பிள்ளைய வேலைக்கு வச்சாலே 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்துல, 2016ல திருத்தினதுக்கு அப்புறம், ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலு, 20,000ல இருந்து 50,000 வரை அபராதம், இல்லன்னா ரெண்டும் சேத்து. அது ஒண்ணு. அட்வான்ஸ் குடுத்து அந்தக் கடனுக்கு ஆள வேலை வாங்குனா அது கொத்தடிமை, 1976லயே ஒழிச்ச விஷயம். அந்தச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. அண்ணன் ஒரு பைசா திருப்பிக் குடுக்க வேண்டியதில்ல, சொல்லப்போனா அந்தக் கடனுக்குன்னு காசு வாங்குறதே குத்தம். மூஞ்சில முழிக்கிற விஷயம் இருக்கட்டும், மொதல்ல இத அண்ணனுக்கு நிதானமா சொல்லுங்க. "உங்க மகன வித்துட்டீங்க"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அப்படிச் சொன்ன அன்னைக்கே கதவு சாத்திரும்.

எழுதிக் குடுக்குறதுக்கு உசிலம்பட்டி ஆர்டிஓ ஆபீஸ், அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் ஆபீஸ் இருக்கு, இல்லன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு குடுங்க. மனுவுல கூட்டிட்டுப் போனவர் பேரு, போன் நம்பர், எந்த ஊரு, எந்தத் தெருவு, பய சொன்ன அடையாளம், கோயில் பக்கம், ரயில் சத்தம் கேக்கும்னு எது தெரியுமோ அது, கூடவே ஸ்கூல்ல இருந்து வயசுச் சான்று. குழந்தைங்க உதவி எண் 1098க்கும் சொல்லிருங்க. மனு குடுக்கப் போறோம்னு ஊர்ல யார்கிட்டயும் முன்னாடியே சொல்லாதீங்க, போன் போயிரும், பயல எடம் மாத்திருவாங்க.

இன்னொன்னு, இத யாரும் சொல்ல மாட்டாங்க. வெளி மாநிலத்துல மீட்டாங்கன்னா அங்க இருக்க அதிகாரி கையெழுத்து போட்ட விடுதலைச் சான்று இல்லாம ரயில் ஏத்தி விட விடாதீங்க. அது ஒரு தாள் தான், ஆனா அது இல்லன்னா மறுவாழ்வுத் தொகை வாங்க நாய் படாத பாடு படணும். மத்திய அரசு திட்டத்துல உடனடி உதவி 30,000 ரூபா வரை, கொத்தடிமையா இருந்த பிள்ளைக்கு 2 லட்சம், மோசமா சுரண்டி கடத்தியிருந்தா 3 லட்சம். ஆனா பெரிய தொகை வழக்குல கொத்தடிமை தான்னு உறுதியானா தான் வரும், வருஷக்கணக்கா இழுக்குறதும் நடக்கும். அத நம்பி புதுசா கடன் வாங்கிடாதீங்க.

சரி, பய வந்துட்டான்னு வச்சுக்குவோம். இங்க தான் நான் மேல விட்ட கேள்விக்கு வர்றேன். எங்க டிரஸ்ட்டுக்கு ஆரம்பத்துல ஒரு பயல கூட்டிட்டு வந்தப்ப மாலை போட்டோம், பேப்பர்ல போட்டோ வந்துச்சு, லட்டு குடுத்தோம். ஆறு மாசம் கழிச்சு அவங்க வீட்டுக்குப் போனா பய இருக்கான், ஸ்கூலுக்கும் போறான், ஆனா அவன் தம்பியக் காணோம். "எங்கம்மா சின்னவன்"னு கேட்டா அம்மா முந்தானைய வாயில வச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்லல. பெரியவனுக்கு வாங்குன அட்வான்ஸ் சட்டப்படி செல்லாது தான், ஆனா அந்தக் காசு எதுக்கு வாங்குனாங்களோ அந்த ஓட்டை அப்படியே இருந்துச்சு. அம்மாவுக்கு கர்ப்பப்பை ஆபரேஷன், பிரைவேட்ல பாத்து, வட்டிக்கு வாங்கி, அந்த வட்டிக்கு வாரக்குழு லோன் எடுத்து, லோனுக்கு பெரியவன், பெரியவன் வந்துட்டதால சின்னவன். வீட்டுல முதல்வர் காப்பீட்டு அட்டை எடுத்திருந்தாங்களான்னு கேட்டா, அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியல.

அன்னைக்கு எங்க பெரியவர், டிரஸ்ட்ட நடத்துனவர், ஒரு நோட்டு வாங்கிட்டு வரச் சொன்னார். ஒவ்வொரு பிள்ளை பேருக்கு நேரா, அந்த வீட்டுல யார்கிட்ட எவ்வளவு கடன், என்ன வட்டி, எதுக்கு வாங்குனதுன்னு எழுதச் சொன்னார். எங்களுக்கு பாடம் எடுக்குற வேலைய விட அந்த நோட்டு எழுதுற வேலை தான் பெருசாப் போச்சு. எழுதிப் பாத்தா ஆஸ்பத்திரி, சடங்கு, மொய் திருப்புறது, போர் போட்டு தண்ணி வராமப் போனது, இது தான் திரும்பத் திரும்ப வந்துச்சு. அப்புறம் காப்பீட்டு அட்டை எடுத்துக் குடுக்குறது, மகளிர் குழுவுல கம்மி வட்டிக்கு மாத்தி விடுறது, நூறு நாள் வேலைக்கு அட்டை போடுறது, விதவை பென்ஷனுக்கு தாலுகா ஆபீஸ் நடையா நடக்குறதுன்னு எங்க வேலையே மாறிப்போச்சு. நன்கொடை குடுக்குறவங்களுக்கு இத எல்லாம் போட்டோ எடுத்து அனுப்ப முடியாது பாருங்க, அதனால காசும் கொறஞ்சு போச்சு, அது வேற கதை.

அதனால அத்தை, மனு குடுக்குறதுக்கு முன்னாடி அந்த 40,000 எதுக்குப் போச்சுன்னு அண்ணிகிட்ட கேளுங்க, அண்ணன்கிட்ட வேணாம். வீட்டுல இன்னொரு பிள்ளை இருக்கான்னு நீங்க எழுதல. இருந்தா எனக்கு உடனே எழுதுங்க.

செல்லூர் வாசகர்: எங்க தெரு முக்குல புரோட்டாக்கடையில ஒரு பையன் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் தட்டு கழுவுறான். கேட்டா 15 வயசுங்கிறாங்க, பாத்தா 12 மாதிரி இருக்கான். 1098க்கு போன் பண்ணா அவன் பொழப்பு போயிருமேன்னு இருக்கு, நம்ம பேரும் வெளிய வந்துருமோ?

பதில்: 15ன்னே வச்சுக்குவோம். 14ல இருந்து 18 வரை இருக்கவங்க ஆபத்தில்லாத வேலை பாக்கலாம், ஆனா ராத்திரி ஏழு மணியில இருந்து காலையில எட்டு மணி வரைக்கும் வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. அதனால பதினோரு மணிக்கு தட்டு கழுவுறான்னா வயசு எதுவா இருந்தாலும் தப்பு தான், நீங்க வயசு சான்று தேடி அலைய வேணாம்.

போன் பண்ணுங்க, காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, உங்க பேரு சொல்ல கட்டாயம் இல்ல. 1996ல மும்பையில ஒரு காலேஜ் திட்டமா ஆரம்பிச்ச நம்பர் அது, பல வருஷமா தொண்டு நிறுவனங்க தான் எடுத்து நடத்துனாங்க, 2023ல இருந்து அரசாங்கமே நடத்துது. கூட்டிட்டு வந்த பிள்ளைய 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழு முன்னாடி நிறுத்தணும், அவங்க தான் வீட்டுக்கா, இல்லத்துக்கான்னு முடிவு பண்ணுவாங்க. முதலாளி கட்டுற அபராதத்தோட அரசாங்கம் 15,000 போட்டு அந்தப் பிள்ளை பேர்ல வைக்கணும்னும் சட்டத்துல இருக்கு.

பொழப்பு போயிருமேங்கிற உங்க கவலை பொய் இல்ல. அதனால போன் பண்ணிட்டு விட்டுறாதீங்க. பத்து நாள் கழிச்சு அந்தப் பையன் எந்த ஊரு, எந்த ஸ்கூல்ல சேத்தாங்கன்னு திரும்ப ஒரு போன் போடுங்க. எல்லா விவரமும் சொல்ல மாட்டாங்க, ஆனா ஒருத்தர் கேக்குறார்னு தெரிஞ்சா ஃபைல் கொஞ்சம் நகரும், இது என் அனுபவம். அந்தக் கடையில அதுக்கப்புறம் புரோட்டா நல்லா இருக்காதுன்னு மட்டும் நெனைச்சுக்கோங்க.

வில்லாபுரம், பட்டறை உரிமையாளர்: நான் 11 வயசுல பட்டறைக்குப் போனவன். அடி வாங்கித்தான் தொழில் கத்துக்கிட்டேன், இன்னைக்கு நாலு பேருக்கு சம்பளம் குடுக்குறேன். படிச்சவன் எல்லாம் வேலை இல்லாம நிக்கிறான். நீங்க எல்லாம் சேந்து பிள்ளைகள தொழில் கத்துக்க விடாம கெடுக்குறீங்கன்னு நான் சொல்றேன். கோபப்படாம பதில் சொல்லுங்க.

பதில்: கோபம் இல்லண்ணே, உங்க லெட்டர் தான் இந்த மாசம் வந்ததுலயே நேர்மையான லெட்டர். ஒண்ணு கேக்கவா, உங்க கூட அந்த வயசுல பட்டறைக்கு வந்த மத்தவங்க எங்க இருக்காங்க? நீங்க ஒருத்தர் முதலாளி ஆனீங்க, சந்தோஷம். கண்ணு போனவர், கை போனவர், நாப்பதுல இருமி இருமி போனவர், இன்னும் தினக்கூலிக்கு நிக்கிறவர், அவங்க எனக்கு லெட்டர் எழுத மாட்டாங்க. இன்னொன்னு, உங்க மகன் எங்க படிக்கிறார்? எழுதல நீங்க, ஆனா இங்கிலீஷ் மீடியமா இருக்கும்னு ஒரு யூகம்.

ஆந்திராவுல, இப்ப தெலங்கானா, ரங்காரெட்டி மாவட்டத்துல எம்வி பவுண்டேஷன்னு ஒரு அமைப்பு 1991ல இருந்து இந்த வேலை பாக்குது, சாந்தா சின்ஹா அம்மா முன்னாடி நின்னு நடத்துனது, 2003ல மகசேசே விருது வாங்குனாங்க. அவங்க வாதம் ரொம்ப எளிது. ஸ்கூல்ல இல்லாத பிள்ளை எல்லாமே குழந்தைத் தொழிலாளி தான், ஃபேக்டரியா வீடா காடான்னு பிரிக்கவே பிரிக்காதீங்கன்னு. நாங்களும் மொதல்ல அத ஒத்துக்கல. வீட்டுல தம்பிய பாத்துக்கிற பொம்பளப்பிள்ளைய எப்படி தொழிலாளின்னு சொல்றதுன்னு சண்டை போட்டோம். அப்புறம் யோசிச்சா அது தான் சரி, ஏன்னா அந்தப் பிள்ளைய யாரும் மீட்கவே வர மாட்டாங்க, ரெய்டு பண்ண ஒரு கடை கிடையாது பாருங்க.

நம்ம சட்டத்துல ஒரு வழி விட்டிருக்காங்க, குடும்பத் தொழிலா இருந்தா ஸ்கூல் முடிஞ்சு, லீவு நாள்ல பிள்ளை ஒத்தாசை பண்ணலாம்னு, ஆபத்தான தொழிலா இல்லாத வரைக்கும். அம்மா பூ கட்டுறப்ப கூட உக்காந்து கட்டுறது, அப்பளத்த வெயில்ல காயப் போடுறது, இதுல எனக்கு ஒண்ணும் சண்டை இல்ல, நானே கட்டியிருக்கேன். ஆனா நாலு முழம் நாப்பது முழம் ஆகி, பிள்ளை காலையில தூங்கி விழுந்து, பரீட்சைக்கு வராமப் போறப்ப அத ஒத்தாசைன்னு சொல்லக்கூடாது. அந்த 2016 திருத்தத்துல இந்த ஓட்டைய வச்சது எனக்குப் பிடிக்கல, பத்திரிகை ஆசிரியருக்கு வேற கருத்து இருக்கு, நாங்க பேசிக்கிறோம்.

தொழில் கத்துக் குடுக்க ஆசைன்னா அண்ணே, பத்தாப்பு முடிச்சு வர்ற பையனுக்கு சம்பளத்தோட கத்துக் குடுங்க. நான் ஆள் அனுப்புறேன்.

தல்லாகுளம், கல்லூரி மாணவி: ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேந்து பர்த்டேக்கு ஒரு ஆதரவற்றோர் இல்லத்துல கேக் வெட்டி பிள்ளைங்க கூட ரீல்ஸ் போடலாம்னு இருக்கோம். எந்த இல்லம் நல்லதுக்கா?

பதில்: ரீல்ஸ் வேணாம் பாப்பா. இல்லத்துல இருக்க பிள்ளை முகத்த வெளிய காட்டுறது சட்டப்படியே தப்பு.

இல்லத்துல இருக்க பிள்ளை எல்லாம் அப்பா அம்மா இல்லாத பிள்ளைன்னு நினைக்காத. நெறைய பேருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்காங்க, வறுமை தான் கொண்டு வந்து விட்டிருக்கு. இல்லம்னு போர்டு மாட்டி, பிள்ளைங்கள காட்டி காசு சேக்குறதும் ஒரு சுரண்டல் தான், நேபாளம், கம்போடியா பக்கம் வெளிநாட்டுக்காரங்க வந்து சேவை செய்றதுக்குன்னே இல்லங்க பெருகுன கதை உலகத்துக்கே தெரியும். அவ்வளவு தூரம் ஏன், 2021ல நம்ம மதுரையிலயே ஒரு இல்லத்துல, குழந்தை கொரோனாவுல செத்துப்போச்சுன்னு பொய்க் கணக்கு எழுதி வித்த வழக்கு வந்துச்சு. அன்னைக்கு வரைக்கும் அங்கயும் கேக் வெட்டத்தான் போனாங்க.

பிள்ளைங்க பாதுகாப்புக்கான இளைஞர் நீதிச் சட்டத்துல பதிவு பண்ணாம எந்த இல்லமும் நடத்தக் கூடாது. அந்த சர்டிபிகேட்ட சுவத்துல மாட்டியிருக்காங்களான்னு பாரு. கேக் காச, பக்கத்து கார்ப்பரேஷன் ஸ்கூல் ஹெச்எம்கிட்ட போய், பஸ் பாஸ், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் ஃப்ரீயா இருந்தும் எந்தப் பிள்ளை எதுக்காக நிக்கப் போகுதுன்னு கேட்டு அதுக்குக் குடு. சில நேரம் ஒரு கண்ணாடி தான் தேவையா இருக்கும், போர்டு தெரியாம நின்ன பிள்ளைய நான் பாத்திருக்கேன்.

மேலூர், எட்டாம் வகுப்பு மாணவன்: மேடம், சாக்லேட்டுலயும் குழந்தைத் தொழிலாளர் இருக்குன்னு எங்க சார் சொன்னார். அப்ப சாக்லேட் சாப்பிடக் கூடாதா?

பதில்: உங்க சார் சொன்னது நிஜம் தம்பி. ஆப்பிரிக்காவுல ஐவரி கோஸ்ட், கானான்னு ரெண்டு நாட்டுல தான் உலகத்துல பாதிக்கு மேல கொக்கோ விளையுது. அங்க கொக்கோ தோட்டத்துல 15.6 லட்சம் பிள்ளைங்க வேலை பாக்குறாங்கன்னு 2020ல வந்த ஒரு பெரிய ஆய்வு சொல்லுச்சு. 2001லயே பெரிய சாக்லேட் கம்பெனிங்க இத ஒழிக்கிறோம்னு கையெழுத்து போட்டாங்க, தேதிய தள்ளித் தள்ளிப் போட்டுட்டே போறாங்க, நம்ம வீட்டுப்பாடம் மாதிரி.

நீ சாப்பிடு. ஒரு நாள் நீ நிறுத்துனா அங்க இருக்க பிள்ளைக்கு ஸ்கூல் வந்துராது, அங்க விவசாயிக்கு கட்டுபடியாகுற விலை கெடச்சா தான் வரும். ஆனா வாங்குறவங்க கேட்டா மாறும்கிறதுக்கும் உதாரணம் இருக்கு. கைலாஷ் சத்யார்த்தி ஐயா, 2014ல மலாலா கூட நோபல் பரிசு வாங்குனவர், 1994ல கம்பளத்துக்கு ஒரு முத்திரைய கொண்டு வந்தார், பிள்ளைங்கள வச்சு நெய்யலைன்னு செக் பண்ணி ஒட்டுறது. வெளிநாட்டுல அந்த முத்திரைய பாத்து வாங்க ஆரம்பிச்சாங்க. நம்ம பக்கத்துலயே சிவகாசி இருக்குல்ல, உங்க தாத்தா காலத்துல விடியுமுன்ன பஸ் வந்து ஊர் ஊரா பிள்ளைங்கள தீப்பெட்டி ஆபீசுக்கு ஏத்திட்டுப் போகும். 1996ல சுப்ரீம் கோர்ட் சிவகாசி பிள்ளைங்க வழக்குல, வேலைக்கு வச்ச ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபா கட்டணும்னு சொல்லுச்சு. இன்னைக்கு அந்த பஸ் வர்றதில்ல. தாத்தாகிட்ட கேட்டுப் பாரு, அவருக்குத் தெரிஞ்சவங்க யாராவது அந்த பஸ்ல போயிருப்பாங்க.

பேரையூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்: அம்மா, பென்ஷன்ல மருந்து மாத்திரை போக மிச்சம் இல்ல. நன்கொடை குடுக்க வசதி இல்ல. காலும் முந்தி மாதிரி இல்ல. என்னால என்ன செய்ய முடியும்?

பதில்: ஐயா, உங்கள மாதிரி ஆள் கிடைக்காமத்தான் பல டிரஸ்ட்டு தடுமாறுது. முன்னாடி என்சிஎல்பிங்கிற தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டத்துல வேலையில இருந்து மீட்ட பிள்ளைங்களுக்குன்னு தனி சென்டர் இருந்துச்சு, 1988ல இருந்து. 2021ல அத மத்திய அரசோட பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷாவோட சேத்துட்டாங்க, இப்ப பிள்ளைங்க நேரா சாதாரண ஸ்கூலுக்குத் தான் போகணும். நல்ல எண்ணம் தான், ஆனா ரெண்டு வருஷம் அடுப்புல நின்ன பய எட்டாப்புல வந்து உக்காந்தா வாசிக்க வராது, சின்னப் பிள்ளைங்க சிரிக்கும், ஒரு வாரத்துல காணாமப் போயிருவான். எங்க சென்டர்ல அந்த வேலை தான் பாத்தோம், சிரிக்காம சொல்லிக் குடுக்குறது.

சாயந்திரம் உங்க வீட்டுத் திண்ணையில ஒரு மணி நேரம் நாலு பிள்ளைங்கள உக்கார வைங்க. மொதல் மாசம் பாடப் புத்தகமே வேணாம். கம்பெனியில என்ன கணக்கு போட்டான்னு கேளுங்க, கிலோவுக்கு எத்தன பாக்கெட், பாக்கெட் என்ன விலைன்னு, கிடுகிடுன்னு சொல்லுவான், அங்க இருந்து ஆரம்பிங்க.

ஒரு நோட்டும் போடுங்க. உங்க தெருவுல எந்தப் பிள்ளை எத்தன நாளா ஸ்கூலுக்குப் போகலைன்னு எழுதுங்க. காலைச் சிற்றுண்டி வந்ததுக்கு அப்புறம், அது 2022 செப்டம்பர் 15ல நம்ம மதுரையில தான் தொடங்குச்சு, சின்னப் பிள்ளைங்க நிக்கிறது கொறஞ்சிருக்குன்னு எனக்குத் தெரிஞ்ச டீச்சருங்க சொல்றாங்க. நிக்கிறது ஆறுல இருந்து ஒம்போது வரைக்கும் படிக்கிறதுங்க தான், அதுலயும் பொங்கலுக்கு அப்புறமும் மே மாச லீவு முடிஞ்சும். லீவுக்கு ஊருக்குப் போனான், வரலன்னு சொன்னா எந்த ஊருன்னு கேளுங்க. பதில் தடுமாறுனா அன்னைக்கே ஹெச்எம்முக்கு சொல்லிருங்க.

வீட்டுக்குப் போய் கேக்குறதா இருந்தா காலையில எட்டு மணிக்கு முன்னாடி போயிருங்க ஐயா, அதுக்கப்புறம் அம்மா களை எடுக்கப் போயிருவாங்க, வீட்டுல பாட்டி தான் இருக்கும், பாட்டிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லச் சொல்லி வச்சிருப்பாங்க.